கிலோமீட்டரில் அளக்கும் சுதந்திரம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டில் ஓர் அறிவுரை கிளம்பிவிடும். ஐ.டி. வேலையில் இருக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வார், டியூஷன் சார் சொல்வார், வழிகாட்டி நிகழ்ச்சியில் மைக் பிடித்தவரும் சொல்வார்: “உள்ளூர் காலேஜ்ல சேர்ந்துடாதே. கடனை உடனை வாங்கியாவது வெளியூர் போ. ஹாஸ்டல்ல நாலு வருஷம் இருந்தாத்தான் சொந்தக் கால்ல நிக்கத் தெரியும்.” பஸ் பாஸில் போய்வரும் தூரத்திலேயே அரசுக் கல்லூரி இருக்கும். அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று ஆண்டுக்குச் சில ஆயிரத்தோடு செலவு முடிந்துவிடும். ஆனாலும் அங்கே சேரப்போகிறேன் என்று சொல்லும் பிள்ளையிடம் ஊர் ஒரே கேள்விதான் கேட்கும்: “ஏம்ப்பா, வேற எங்கயும் கிடைக்கலையா?”

இந்த வெளியூர்க் கட்சியின் வாதம் மேலோட்டமாகப் பார்த்தால் முற்போக்கானது. வீடு அடக்கிவைக்கும், ஊர் கண்காணிக்கும், சாதி கழுத்தைப் பிடிக்கும், ஆகவே கிளம்பு என்கிறது. “வயசுப் பொண்ணை வெளியூருக்கு அனுப்பாதே” என்ற பழைய பத்தாம்பசலித்தனத்துக்கு இது மேல் என்பதில் சந்தேகமில்லை. அந்தப் பழைய கட்சிக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பழைய கட்சி தவறு என்பதாலேயே புதிய கட்சி சரியாகிவிடாது. பதினேழு வயதில் கடன் போட்டு வாங்கும் தூரத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பதைத்தான் மறுக்கிறேன். இருபத்தொரு வயதில் கையில் பட்டத்தோடும், எவருக்கும் பாக்கியில்லாமலும் நிற்கிற பிள்ளைக்கே சுதந்திரம் அதிகம். கட்டணமில்லாத பக்கத்து ஊர்க் கல்லூரி தருவது அதைத்தான்.

முதலில் அந்த ஹாஸ்டலுக்குள் போய்ப் பார்ப்போம். நம் ஊர்த் தனியார் பொறியியல் கல்லூரி விடுதி ஒன்றில் சனிக்கிழமை மாலை கடைத்தெருவுக்குப் போய் ஒரு சோப்பு வாங்கிவர வேண்டுமானால் நடப்பது இது. அவுட்பாஸ் சீட்டை நிரப்பி வகுப்பு ஆலோசகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதை வார்டனிடம் கொடுத்தால் அவர் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் போன் போட்டு, “உங்க பொண்ணு வெளியில போகணும்ங்கிறா, அனுப்பலாமா?” என்று அப்பாவைக் கேட்பார். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வயலிலோ கடையிலோ நிற்கும் அப்பா சரி என்றால்தான் கேட் திறக்கும். வாசலில் விரல் ரேகை வைக்க வேண்டும். அவள் வெளியே கால் வைத்த நொடியில் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி போய்விடும். ஆறரை மணிக்குத் திரும்பாவிட்டால் இன்னொரு செய்தி போகும். ஆணும் பெண்ணும் வராந்தாவில் நின்று பேசினால் அடையாள அட்டையைப் பிடுங்கும் கல்லூரிகளும் இங்கே உண்டு. வீட்டில் இருந்தபோது இதே பெண் அம்மாவிடம் “கடைக்குப் போயிட்டு வரேன்” என்று வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனவள்தான்.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த நோயில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் 10 மணிவரை கைபேசியை ஒப்படைக்கச் சொன்னார்கள். மறுத்த மாணவியை விடுதியை விட்டே வெளியேற்றினார்கள். 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டு, இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியது என்று தீர்ப்பளித்து அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அதற்கும் முன்பு, 2015-ல், தில்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’ (கூண்டை உடை) இயக்கம் பிறந்ததே பெண்கள் விடுதிகளின் ஊரடங்கை எதிர்த்துத்தான். வீட்டை விட்டுப் போனவர்களே கூண்டை உடைக்கத் தெருவுக்கு வர வேண்டியிருந்தது. வெளியூர்க் கட்சி நமக்கு விற்கும் சுதந்திரத்தின் பெரும்பகுதி, அப்பாவின் கண்காணிப்பைச் சம்பள ஆளிடம் குத்தகைக்கு விடுவதுதான். குத்தகைப் பணத்தையும் அப்பாவே கட்டுகிறார்.

இல்லை, அவர் கட்டவில்லை, வங்கி கட்டுகிறது என்பார்கள். சரி, அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 1.25 லட்சம் வீதம் நான்கு ஆண்டுக்கு 5 லட்சம் கல்விக் கடன் என்று வையுங்கள். வட்டி 10 சதவீதம். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். தனிவட்டியாகவே கணக்கிட்டாலும் தவணை தொடங்கும் அன்று 1.75 லட்சம் வட்டி சேர்ந்து, கடன் 6.75 லட்சமாக நிற்கும். அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் 8,900 ரூபாய்க்கு மேல் ஆகும். மொத்தத்தில் 5 லட்சம் வாங்கியவர் பத்தே முக்கால் லட்சத்துக்குப் பக்கத்தில் கட்டியிருப்பார். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் திட்டம் உண்டு. அது கிடைத்தாலும் அசல் தலைமேல்தான்.

வேலைச் சந்தையின் நிலவரமோ வேறு. பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தரும் சம்பளம் பத்தாண்டுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே தேங்கிக் கிடக்கிறது. பிடித்தம் போகக் கைக்கு வருவது 25,000 ரூபாய் வாக்கில். அதில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை எடுத்துக்கொள்ளும். சென்னையிலோ பெங்களூரிலோ பி.ஜி. வாடகையும் சாப்பாடும் இன்னொரு பங்கைத் தின்றுவிடும். இந்த நிலையில் இருப்பவர் மேனேஜர் மிரட்டினால் வேலையை விடுவாரா? மேற்படிப்புக்குப் போட்டி போடுவாரா? இரண்டு வருடம் உட்கார்ந்து குரூப்-1 எழுதுவாரா? பிடித்த வேலைக்காகக் குறைந்த சம்பளத்தை ஏற்பாரா? பதினேழு வயதில் வாங்கிய சுதந்திரத்துக்கு இருபத்திரண்டு முதல் முப்பத்திரண்டு வயதுவரையிலான சுதந்திரத்தை ஈடாகக் கொடுத்தாயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் இல்லாமல் உத்தரவாதம் தரும் திட்டம் உண்டு. ஆனால் அதிலும் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வீட்டுப் பிடியிலிருந்து விடுபடத்தான் வெளியூர் போகிறோம் என்றால், அந்தப் பயணத்தின் முதல் தாளிலேயே அப்பாவின் கையெழுத்து விழுகிறது. பிற்பாடு கல்யாணப் பேச்சு எழும்போது “உனக்காகக் கடன்பட்டுப் படிக்க வெச்சேனே” என்ற வார்த்தை வந்து விழும். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் தலையாட்டிய பொறியாளர்கள் எத்தனை பேர்? நான்கு ஆண்டு ஹாஸ்டல், ஐந்து ஆண்டு பெங்களூர் வாசம், தனி அறை, தனி பைக் எல்லாம் இருக்கும். ஆனால் ஜாதகம் மட்டும் ஊரில் அப்பா கையில் சுற்றிக்கொண்டிருக்கும். எந்தச் சாதியில் கட்டுவது என்பதில் தூரம் ஒன்றும் மாற்றவில்லை.

வீட்டிலிருந்தே படிக்கிற பிள்ளைக்கு ஒரு சண்டை தள்ளிப்போகாது. இந்தப் பாடத்தைத்தான் எடுப்பேன், இந்தச் சிநேகிதியின் வீட்டுக்குப் போவேன், இந்தக் கட்சிக்குத்தான் ஓட்டு என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வாதாடியாக வேண்டும். சில நாள் தோற்பாள், சில நாள் ஜெயிப்பாள், அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுவார். தூரம் போனவருக்கோ அந்தச் சண்டை பாக்கி நிற்கிறது. தீபாவளிக்கு நான்கு நாள் வந்து, சொன்னதற்கெல்லாம் சரி என்று சொல்லிவிட்டு ரயிலேறுகிறார். அதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்து, “எக்ஸ்போஷர்” என்ற அந்த மந்திரம். உள்ளூரில் இருந்தால் உலகம் தெரியாது என்கிறார்கள். புறவழிச்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, சுற்றிலும் மதில், நடுவில் கட்டடம், காலையில் பஸ் கொண்டுவந்து கொட்டி மாலையில் அள்ளிப்போகும் வளாகத்தில் எந்த உலகம் தெரிகிறது? அரசுக் கலைக் கல்லூரியைப் பாருங்கள். பல கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் நடக்கிறது. காலை ஷிப்ட் படிக்கிற பையன் மதியம் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறான். மதிய ஷிப்ட் பையன் காலையில் பால் சொசைட்டியில் கணக்கு எழுதிவிட்டு வருகிறான். முகூர்த்த நாள் வந்தால் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு கேட்டரிங்குக்குப் பரிமாறப் போகிறான். அன்று இரவு கையில் விழும் சில நூறு ரூபாய் அவன் உழைத்த பணம். அதில் செமஸ்டர் கட்டணமும் கட்டுவான், சினிமாவும் பார்ப்பான். அவனைக் கூப்பிட்டுச் சொந்தக் காலில் நிற்கத் தெரியாதவன் என்று சொல்கிறவர், மாதாமாதம் அப்பா ஜி-பேயில் அனுப்பும் பணத்தில் படித்தவராகத்தான் இருப்பார்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மையானது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்துவிட்டுக் கல்லூரி சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அப்பா கணக்கில் விழவில்லை, அவள் கணக்கில் விழுகிறது. 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டம் பையன்களுக்கும் அதைக் கொடுத்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையில்லை என்று பெருநகரத்தார் சொல்லலாம். வீட்டில் தங்கி, சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் காசு கொடுக்காமல் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு அது முழுதாக மிஞ்சும் பணம். ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்று, தன் அட்டையைச் செருகி, எவ்வளவு எடுப்பது, எதை விடுவது என்று அவளே முடிவுசெய்கிறாள். அந்த வீட்டின் பெண்களில் வங்கி அட்டை வைத்திருக்கும் முதல் ஆள் பெரும்பாலும் அவள்தான். அதே ஆயிரம் ரூபாய் வெளியூர் விடுதிக்குப் போனால் மெஸ் பில்லில் கரைந்துவிடும்.

“கலாம் உள்ளூரிலேயே இருந்திருந்தால்?” என்று கேட்பார்கள். எப்போதும் கேட்பார்கள். ராமேஸ்வரத்தில் அன்று கல்லூரி இல்லை. அதனால் திருச்சிக்குப் போனார். விமானப் பொறியியல் சென்னை எம்.ஐ.டி.யில் இருந்தது, அதனால் அங்கே போனார். சேர்க்கைக் கட்டணத்துக்கு அக்கா ஜோஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். சம்பாதித்து அதை மீட்க வேண்டும் என்ற பாரம் படிப்பு முழுக்கத் தம்பியின் மேல் இருந்தது. இதில் வெளியூர்க் கட்சிக்கு என்ன சாட்சி இருக்கிறது? படிப்புக்காகப் போவது வேறு, போவதற்காகப் படிப்பது வேறு. ஐ.ஐ.டி., கிண்டி பொறியியல் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி. என்று இடம் கிடைத்தால் யாரும் யோசிக்க வேண்டாம், கிளம்ப வேண்டியதுதான். அங்கே போகிறவர் படிப்புக்காகப் போகிறார். நான் பேசுவது, உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதமோ பி.காம். இடமோ கையில் இருக்க, அதே தரத்து இன்னொரு பட்டத்துக்காகப் பல லட்சம் கட்டி ஊர் மாறுவதைப் பற்றி.

“அதே தரமா?” என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டேன். அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் வகுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். புதிதாகத் திறந்த சில கல்லூரிகள் பள்ளிக் கட்டடத்தில் இயங்கின. இதெல்லாம் உண்மை. ஆனால் ஒப்பிடும்போது எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்க்க வேண்டும். சராசரி மாணவருக்கு எதிர்ப்பக்கம் இருப்பது ஐ.ஐ.டி. இல்லை. கலந்தாய்வு முடிந்த பிறகும் இடங்கள் நிரம்பாமல், தரகர்களை வைத்துப் பிள்ளை பிடிக்கும் கல்லூரி. அங்கேயும் ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு, அங்கேயும் ஆய்வகம் பார்வையாளர் குழு வரும் நாளில்தான் துடைக்கப்படும். கட்டணம் மட்டும் தரமாக இருக்கும். அதோடு, 2020 முதல் ஐ.ஐ.டி. மெட்ராஸ் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பு நடத்துகிறது. ஒரே சமயத்தில் இரண்டு பட்டப்படிப்புகளைத் தொடரலாம் என்று 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு வழிவிட்டது. உள்ளூர் அரசுக் கல்லூரியில் ஒரு பட்டம் படித்தபடியே இதையும் சேர்த்துப் படிக்கலாம். மிச்சமாகும் நேரமும் கடனில்லாத மனமும் அதற்கு உதவும்.

இனி வெளியூர்க் கட்சியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். வீடே சிறையாக இருக்கும் பெண்ணுக்கு என்ன சொல்வாய் என்பது அது. காலையில் தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்லூரிக்கு ஓடுகிறவள், திரும்பி வந்ததும் பாத்திரத்தில் கைவைக்கிறவள். 2019-ன் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். வேறு சாதிப் பையனோடு பேசினாள் என்ற செய்தி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்கு அவளுக்கு முன்னால் போய்ச் சேரும் ஊர்கள் இங்கே உண்டு. கொலைவரை போன ஊர்களும் உண்டு. அவள் தப்பிக்க வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் அவளுக்கு வெளியூர்க் கட்சி என்ன வைத்திருக்கிறது? அவளைப் பூட்டிவைக்கும் அப்பாதான் அந்த ஹாஸ்டலுக்கும் அனுமதி தர வேண்டும், பணம் கட்ட வேண்டும், கடனில் கையெழுத்துப் போட வேண்டும். எவர் அனுப்ப மாட்டாரோ அவரிடமே போய் அனுப்பச் சொல்லும் யோசனை இது. பக்கத்து ஊரில் கட்டணமில்லாத கல்லூரி இருப்பதால்தான் “பஸ்ல போயிட்டு வந்துடறேன், செலவு ஒண்ணும் இல்லப்பா” என்று சொல்லி, பதினெட்டில் நடக்க இருந்த கல்யாணத்தை மூன்று வருடம் தள்ளிப்போட அவளால் முடிகிறது. அந்த மூன்று வருடம்தான் அவளுக்குக் கிடைத்த கதவு. 2021-22 கணக்கெடுப்பில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டுக்கு 28.4 சதவீதமாக இருக்கையில் தமிழ்நாட்டுக்கு 47 சதவீதமாக இருந்தது. அதில் இந்தப் பக்கத்து ஊர்க் கல்லூரிகளுக்கும் இப்படிப் பஸ் ஏறிய பெண்களுக்கும் பங்கு உண்டு.

அந்தப் பஸ்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் தில்லிப் பல்கலைக்கழக மாணவிகளிடம் நடத்திய ஆய்வில், போகும் வழி பாதுகாப்பாகத் தோன்றினால் போதும் என்று பெண்கள் தரத்தில் மிகவும் கீழே உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுக்கத் தயாராக இருப்பது தெரியவந்தது. இதை வெளியூர்க் கட்சி தனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளும்: “பாருங்கள், பக்கத்தில் படிப்பது பயத்தால்தான்” என்று. எனக்குத் தெரியும் பாடம் வேறு. பெண்ணின் தேர்வைச் சுருக்கியது வீடல்ல, வீட்டுக்கும் கல்லூரிக்கும் நடுவில் உள்ள வழி. அதைச் சரிசெய்ய வங்கிக் கடன் தேவையில்லை. கல்லூரி நேரத்துக்குக் கூடுதல் பஸ்ஸும், நிறுத்தத்தில் விளக்கும், புகார் கொடுத்தால் எடுத்துக்கொள்ளும் காவல் நிலையமும் தேவை.

இந்தச் சச்சரவே இல்லாத இடமும் இருக்கிறது. கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்துச் சீர்திருத்தத்தின் வழியாக 1945 முதல் இலங்கையில் இலவசக் கல்வி பல்கலைக்கழகம்வரை நீள்கிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை பேராதனைக்கோ மொறட்டுவைக்கோ போனாலும் கல்விக் கட்டணம் இல்லை, யாழ்ப்பாணத்திலேயே படித்தாலும் இல்லை. வசதி குறைந்தவருக்கு மகாபொல உதவித்தொகை உண்டு. அங்கே இடங்கள் குறைவு, போட்டி கடுமை, தகுதி பெற்றும் வெளியே நிற்பவர்கள் ஏராளம். அது வேறு பிரச்சினை. ஆனால் உள்ளே போனவருக்குத் தூரத்துக்கு விலை இல்லை என்பதால், போவதா இருப்பதா என்பது நிஜமாகவே அவருடைய விருப்பம். நம் ஊரில் விலைப்பட்டியலைக் காட்டிவிட்டு அதற்கு மனத்துணிவு என்று பெயர் வைக்கிறோம். கடன் வாங்கத் தயங்கும் குடும்பத்துப் பிள்ளையைத் துணிச்சல் இல்லாதவன் என்று ஏசுகிறோம்.

தமிழ்நாட்டிலும் விலையில்லாத தூரம் சிறிதளவு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறுகிறவருக்கு 2021 முதல் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அவர் போகட்டும், கட்டாயம் போக வேண்டும். 2025-ல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாறிய ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகள் மாவட்டந்தோறும் இருக்கின்றன. வீட்டில் இருக்க முடியாதவர் போக வேண்டிய இடம் அவைதான். ஆனால் அங்கே கல்லூரி மாணவர் ஒருவரின் உணவுப்படி 2023-ல்தான் மாதம் 1,100 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக ஏறியது. நாளொன்றுக்கு 50 ரூபாய். அதில் மூன்று வேளை சாப்பிட வேண்டும். இளைஞர்கள் வீட்டை விட்டுப் போய்த் தன்னிச்சையாக வாழ வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறவர்கள், இந்த ஐம்பது ரூபாயைப் பற்றி முழங்கி நான் கேட்டதில்லை. தனியார் விடுதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கச் சொல்லும் வாய்கள் அரசு விடுதியின் குளியலறைக்குக் கதவு கேட்பதில்லை.

ஆகவே பிளஸ் டூ முடித்த தம்பிக்கும் தங்கைக்கும் நான் சொல்வது சுருக்கமானது. நீங்கள் விரும்பும் படிப்பு உள்ளூரில் இல்லையென்றால் போங்கள். உதவித்தொகையோ அரசின் ஒதுக்கீடோ உங்களைச் சுமந்துகொண்டு போகிறதென்றால் போங்கள். வீடு தாங்க முடியாதது என்றால் அரசு விடுதியில் இடம் கேட்டு விண்ணப்பியுங்கள், கிடைக்கும்வரை விடாதீர்கள். இதில் எதுவுமே இல்லாமல், ஊர் மாறினால் ஆள் மாறிவிடும் என்று நம்பி வங்கி மேலாளர் முன்னால் அப்பாவை உட்காரவைக்காதீர்கள். பஸ் பாஸ் எடுங்கள். பட்டத்தை முடியுங்கள். இருபத்தொரு வயதில் நீங்கள் எங்கே போவதென்று தீர்மானிக்கும்போது, “தவணை யார் கட்டுவது?” என்று கேட்க எந்த வீட்டிலும் ஆள் இருக்கக் கூடாது.